புற்றுநோய் முத்தின நிலைல வர்ற டெலிரியம்: கொந்தளிப்ப அடக்க மருந்து எப்போ, எது, எவ்வளவு

ராத்திரி ரெண்டு மணி. பகல்ல நல்லா பேசிட்டிருந்த மனுஷன் திடீர்னு எழுந்து உக்காந்து, சட்டைய கழட்டி எறியறாரு, கைல இருக்குற டிரிப் ஊசிய புடுங்கறாரு, "வண்டி நிக்குது, என்னை விடுங்க"ன்னு கத்துறாரு. பொண்ணு போய் கைய புடிச்சா "யாரு நீ"ன்னு தள்ளி விடறாரு. அந்தப் பொண்ணு வராண்டாவுக்கு ஓடி வந்து என்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான். "சிஸ்டர், ஒரு தூக்க ஊசி போட்டுருங்களேன்."

இந்த மாதிரி திடீர்னு வர்ற மனக்குழப்பத்துக்குத் தான் டெலிரியம்னு பேர். நான் வலி நிவாரண வார்டுல பல வருஷமா நர்ஸா இருக்கேன், இந்தக் கேள்விய எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. சில நேரம் ஊசி போடணும், உடனே போடணும். பல நேரம் அந்த ஊசி தான் நிலைமைய இன்னும் மோசமாக்கும். எது எப்போன்னு புரியற மாதிரி ஒழுங்கா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன், வீட்டுல பாத்துக்கறவங்களுக்கும், புதுசா இந்த வேலைக்கு வந்த நர்ஸ் பிள்ளைங்களுக்கும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். கீழ டோஸ் எல்லாம் போட்டிருக்கேன், அது டாக்டர் என்ன எழுதறாருன்னு உங்களுக்குப் புரியறதுக்கும், சரியான கேள்வி கேக்குறதுக்கும். நீங்களா கடைல வாங்கி குடுக்கறதுக்கு இல்ல. நோயாளியோட வயசு, எடை, கிட்னி, லிவர், ஏற்கனவே ஓடுற மருந்து எல்லாத்தையும் பாத்து தான் அளவு முடிவாகும்.

படி 1: இது டெலிரியம் தானான்னு முதல்ல பாருங்க

டெலிரியம்ங்கறது பைத்தியம் இல்ல, மறதி நோயும் இல்ல. உடம்புல வேற எங்கயோ நடக்குற கோளாறுக்கு மூளை காட்டுற எதிர்வினை. சில மணி நேரத்துல, இல்ல ஒண்ணு ரெண்டு நாள்ல திடீர்னு ஆரம்பிக்கும். ஏறி இறங்கும், காலைல தெளிவா இருப்பாங்க, பொழுது சாய சாய குழம்புவாங்க. இதுல அடிப்படையா கெட்டுப்போறது கவனம், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம். வாரத்து நாள கடைசிலேருந்து பின்னால சொல்லச் சொல்லுங்க: ஞாயிறு, சனி, வெள்ளி... வியாழன் வரைக்கும் வந்து நிறுத்திட்டு ஜன்னல பாத்துட்டு வேற ஏதோ பேச ஆரம்பிச்சுட்டா அது ஒரு பெரிய அடையாளம். போர்வைய கிள்ளுறது, காத்துல எதையோ பிடிக்கிறது, சுவத்துல பூச்சி ஓடுதுன்னு சொல்றது, செத்துப்போனவங்க வந்து நிக்கிறாங்கன்னு சொல்றது இதெல்லாமும் வரும்.

ஆனா எந்த அளவுகோலையும் விட வீட்டுக்காரங்க வாய்ல வர்ற ஒரு வரிய நான் அதிகமா நம்புவேன், "எங்க அம்மா இப்படி இல்லையே". அத கேட்டதும் நாங்க காதத் தீட்டிக்கணும்.

எல்லாரும் கத்த மாட்டாங்க, அதையும் சொல்லணும். டெலிரியத்துல ஒரு வகை கொந்தளிக்கும், இன்னொரு வகை அமுங்கி மந்தமா கிடக்கும், மூணாவது ரெண்டும் மாறி மாறி வரும். அமைதியா கிடக்குறவங்கள "சோர்வா இருக்காரு, மனசு விட்டுட்டாரு"ன்னு விட்டுடறோம், அங்க தான் அதிகமா கோட்டை விடறது. இந்தக் கட்டுரை கொந்தளிக்கிற வகையப் பத்தி, ஆனா சோர்ந்து கிடக்குறவங்களுக்குள்ளயும் பயமும் பிரமையும் ஓடிட்டிருக்கலாம்.

இது அபூர்வம் ஒண்ணும் இல்ல. கனடால எட்மண்டன் நகரத்துல ஒரு வலி நிவாரண பிரிவுல 104 நோயாளிங்கள பாத்து 2000ல வெளியான ஆய்வுல, அட்மிட் ஆகும்போதே 42 சதவீதம் பேருக்கு டெலிரியம் இருந்தது, அங்க இறந்தவங்கள்ல 88 சதவீதம் பேருக்கு கடைசி நேரத்துல இருந்தது. அதே ஆய்வுல இன்னொரு கணக்கும் உண்டு, அத தான் நான் எல்லார்கிட்டயும் சொல்வேன்: வந்த டெலிரியத்துல கிட்டத்தட்ட பாதி சரியாச்சு. அதனால "முடிஞ்சது, இனி இப்படித்தான்"னு முதல் நாளே கைய விரிக்க வேணாம்.

படி 2: ஊசிய எடுக்கறதுக்கு முன்னாடி காரணத்த தேடுங்க

இந்தப் படில தான் நிறைய நேரம் நிக்கணும். ஒரு சம்பவம் சொல்றேன். புராஸ்டேட் புற்றுநோய்க்காரர் ஒருத்தர், எழுபது தாண்டினவர், சாயங்காலத்துலேருந்து கட்டில விட்டு இறங்கப் பாத்துட்டே இருந்தாரு, கால உதைக்கிறாரு, முனகுறாரு, யாரு என்ன கேட்டாலும் பதில் வேற எங்கயோ போகுது. டியூட்டி டாக்டர் ஒரு ஊசி எழுதிட்டாரு, நானும் மருந்த சிரிஞ்சுல ஏத்திட்டேன். போர்வைய விலக்கி கைய புடிக்கப் போகும்போது தான் அடிவயிறு கண்ணுல பட்டுச்சு, தொப்புளுக்குக் கீழ ஒரு பந்து மாதிரி மேடா, தொட்டா கல்லு மாதிரி. கதீட்டர் போட்டோம், தொள்ளாயிரம் மில்லி மூத்திரம் வந்துச்சு. பை நிறைய நிறைய அவர் முகம் இளகுறத பக்கத்துல நின்னு பாத்தேன், அரை மணில குறட்டை. சிரிஞ்சுல இருந்த மருந்த கொட்டிட்டு கணக்கு எழுதினேன். அந்த ஊசிய போட்டிருந்தா மனுஷன் நிறைஞ்ச மூத்திரப்பையோட மயங்கிக் கிடந்திருப்பாரு.

அதனால முதல்ல கை வைக்க வேண்டிய இடம் அடிவயிறு. மூத்திரம் கடைசியா எப்போ போச்சு, மலம் எத்தனை நாளா இறங்கல. ரெண்டுமே வலிக்கு மார்ஃபின் ஓடுறவங்களுக்கு சர்வசாதாரணமா நிக்கும், அது மட்டுமே ஒருத்தர தலைகீழா ஆட்டி வைக்கும்.

அப்புறம் மருந்துச்சீட்டு. முழுசா எடுத்து ஒவ்வொரு வரியா படிங்க, கடைசி ஒரு வாரத்துல புதுசா சேந்தது என்ன, டோஸ் ஏறினது எது. டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரைய சாயங்காலம் குடுத்தா ராத்திரி தூக்கம் போகும், மனசு பறக்கும், காலைலயே முடிச்சுடணும். வயித்து வலிக்கு, எச்சில் குறைக்க, அரிப்புக்கு, தூக்கத்துக்குன்னு குடுக்குற மருந்துல பல, மூளைல செய்தி கடத்துற அசிடைல்கோலின்ங்கற ரசாயனத்துக்கு எதிரா வேலை செய்யறது, வயசானவங்க மூளைக்கு அது விஷம் மாதிரி. தூக்க மாத்திரை குடும்பமான பென்சோடயசெபைன்கள் இன்னொரு குற்றவாளி, அத குடுத்தாலும் குழப்பும், ரொம்ப நாளா போட்டுட்டிருந்தத சட்டுனு நிறுத்தினாலும் குழப்பும். குடிப்பழக்கமும் புகைப்பழக்கமும் இருந்தவங்கன்னா ஆஸ்பத்திரில படுத்து ரெண்டு மூணு நாள்ல அதோட ஏக்கமே டெலிரியமா வரலாம். கூச்சப்படாம கேளுங்க, வீட்டுக்காரங்களும் மறைக்காதீங்க, ஏன்னா மதுவை நிறுத்தினதால வர்ற டெலிரியத்துக்கு மருந்தே வேற.

ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் குடும்பத்து வலி மருந்து, உடம்புல தேங்கி நச்சாகறது தனியா சொல்ல வேண்டியது. மார்ஃபின் உடைஞ்சு வர்ற கழிவுப் பொருட்கள் கிட்னி வழியா தான் வெளிய போகணும், தண்ணி குடிக்காம உடம்பு வறண்டு கிட்னி சுணங்கினா அது ரத்தத்துலயே தேங்கிடும். கை கால் திடீர் திடீர்னு வெட்டி வெட்டி இழுக்கும், கைல டம்ளர் குடுத்தா அது எகிறும், தொட்டாலே வலிக்குதுன்னு கத்துவாங்க, கண்ணு முன்னாடி உருவங்கள் தெரியும். இத பாத்தா டாக்டர் டோஸ குறைப்பாரு, இல்ல வேற ஓபியாய்டுக்கு மாத்துவாரு, கிட்னி கெட்டவங்களுக்கு பெரும்பாலும் ஃபெண்டானில் பக்கம் போவாங்க. மாத்தும்போது கணக்குப்படி வர்ற சமமான அளவையே போட மாட்டாங்க, கால்பங்குலேருந்து பாதி வரைக்கும் குறைச்சு தான் ஆரம்பிப்பாங்க.

ரத்தப் பரிசோதனைல பாக்க வேண்டியது கால்சியம், சோடியம், சர்க்கரை, கிட்னி, லிவர், கிருமித் தொற்றோட அடையாளம். கால்சியம் ஏறினா தாகம், மலச்சிக்கல், வாந்தி, அப்புறம் குழப்பம்னு வரிசையா வரும். சலைன் ஏத்தி, சோலெட்ரானிக் ஆசிட் 4 மில்லிகிராம் குறைஞ்சது 15 நிமிஷம் எடுத்து நரம்புல ஏத்துவாங்க, கிட்னி எப்படி இருக்குன்னு பாத்துட்டு தான். அது வேலை செய்ய ரெண்டு மூணு நாள் ஆகும், அது வரைக்கும் பொறுக்கணும். ஆக்சிஜன் குறையறது, நிமோனியா, மூத்திரத் தொற்று, மூளைக்குப் பரவினது, லிவர் கெட்டு அம்மோனியா ஏறுறது எல்லாமும் பட்டியல்ல உண்டு.

இதையெல்லாம் எல்லாருக்கும் தேடணுமான்னா, இல்ல. நாலு நாள் முன்னாடி வரைக்கும் எழுந்து நடந்தவருக்கு ஒரு குழாய் ரத்தம் எடுக்கலாம், ஸ்கேன் கூட எடுக்கலாம். மூச்சு விட்டு விட்டு வர்ற, கடைசி ஒண்ணு ரெண்டு நாள்ல இருக்கறவங்கள ஸ்கேன் மிஷினுக்கு தள்ளிட்டுப் போறது கொடுமை. கண்டுபிடிச்சா அத மாத்தப் போறோமா, மாத்தினா அவங்களுக்கு நல்லதான்னு கேட்டுட்டு தான் தேடணும். ஆனா அடிவயித்த தொட்டுப் பாக்குறதும் மருந்துச்சீட்டப் படிக்கிறதும் கடைசி நாள்லயும் செய்யலாம், அதுக்கு ஊசி குத்த வேண்டியதில்ல.

படி 3: கத்துறது எல்லாம் வலி இல்ல

புதுசா வர்றவங்க எல்லாரும் விழற குழி இது, நானும் விழுந்திருக்கேன். டெலிரியத்துல இருக்கறவங்க முனகுவாங்க, முகத்த சுளிப்பாங்க, "ஐயோ"ம்பாங்க. வலின்னு நினைச்சு மார்ஃபின் ஒரு டோஸ் கூடுதலா போடறோம், அரை மணி அமைதி, அப்புறம் இன்னும் அதிகமா கத்தல், இன்னொரு டோஸ். விடிஞ்சு கணக்கு பாத்தா ஒரே ராத்திரில ஆறு ஏழு கூடுதல் டோஸ் போயிருக்கும், கையெல்லாம் வெட்டி இழுக்கும், குழப்பம் ரெட்டிப்பாகி இருக்கும். நேத்து வரைக்கும் அடங்கியிருந்த வலி, புதுசா எந்தக் காரணமும் இல்லாம, ராத்திரில மட்டும், இடம் சொல்லத் தெரியாம எகிறுச்சுன்னா முதல்ல டெலிரியத்த சந்தேகப்படுங்க. அதுக்காக வலியே இருக்காதுன்னும் முடிவு கட்டக் கூடாது. திருப்பும்போது, அசைக்கும்போது, கட்டி இருக்குற இடத்த தொடும்போது மட்டும் கத்துனா அது வலி தான், அதுக்கு வலி மருந்து தான்.

படி 4: மருந்தில்லாம செய்யறது

இத சுருக்கமா சொல்லிடறேன், பெருசா விளக்க வேண்டியதில்ல ஆனா விட்டுடவும் கூடாது. கண்ணாடி, காது மிஷின் இருந்தா மாட்டி விடுங்க. பகல்ல வெளிச்சம், ராத்திரி மங்கலா ஒரு விளக்கு, முழு இருட்டு வேணாம். தெரிஞ்ச முகம் ஒண்ணு மட்டும் பக்கத்துல இருக்கட்டும், எட்டு பேரு சுத்தி நின்னு ஆளுக்கொண்ணு பேசாதீங்க. பேர் சொல்லி, நீங்க யாருன்னு சொல்லி, சின்னச் சின்ன வாக்கியமா பேசுங்க. சுவத்துல பூச்சி இருக்குன்னா "இல்லவே இல்ல"ன்னு சண்டை போடாதீங்க, "இருக்குன்னு தோணுது போல, பயமா இருக்கா, நான் இருக்கேன்"னா போதும். தேவையில்லாத குழாய் ஒயர எல்லாம் கழட்டச் சொல்லுங்க. கைய கட்டிலோட கட்டுறது கொந்தளிப்ப ஏத்தும், குறைக்காது.

படி 5: மருந்து வேணுமா வேணாமான்னு முடிவு பண்றது

முன்னெல்லாம் டெலிரியம்னு பேர் வெச்ச உடனே ஹாலோபெரிடால்ங்கற மனநோய் மருந்த எழுதிடுவாங்க. 2017ல ஆஸ்திரேலியாலேருந்து ஒரு ஆய்வு வந்தது, வலி நிவாரண சிகிச்சைல இருந்த 247 பேரு, லேசான, நடுத்தரமான டெலிரியம். ஒரு பங்கு பேருக்கு ரிஸ்பெரிடோன், ஒரு பங்குக்கு ஹாலோபெரிடால், இன்னொரு பங்குக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம், எல்லாம் வாய் வழியா, 72 மணி நேரம். மருந்து குடிச்ச ரெண்டு கூட்டத்தையும் விட வெறும் திரவம் குடிச்சவங்களுக்கு தான் தொந்தரவு குறைவா இருந்தது! மருந்து குடிச்சவங்களுக்கு உடம்பு விறைக்கிற மாதிரி பக்கவிளைவும் அதிகம், ஹாலோபெரிடால் எடுத்தவங்க உயிரோட இருந்த காலமும் குறைவா தெரிஞ்சது. எல்லாருக்கும் காரணத்தத் தேடி சரி பண்ற வேலையும், கவனிப்பும் கூடவே நடந்ததுங்கறத மறக்கக் கூடாது. 2018ல வந்த ஐரோப்பிய மருத்துவ புற்றுநோயியல் சங்கத்தோட வழிகாட்டியும் லேசான, நடுத்தர டெலிரியத்துக்கு இந்த ரெண்டு மருந்தால பலன் தெரியலன்னு சொல்லுது.

நான் இதுலேருந்து எடுத்துக்கிட்டது என்னன்னா, இந்த மருந்துங்க குழப்பத்த சரி பண்ணாது, கொந்தளிப்ப தான் இறக்கும். குழப்பம் சரியாகறது படி 2ல. அதனால சும்மா சம்பந்தமில்லாம பேசிட்டு படுத்திருக்கறவங்களுக்கு மருந்து வேணாம், நமக்குக் கேக்க சங்கடமா இருக்குங்கறது ஊசிக்குக் காரணம் ஆகாது. பிரமைல நடுங்கறாங்க, பயந்து அலர்றாங்க, விழுந்து அடிபடப் போறாங்க, மத்தவங்கள அடிக்கிறாங்க, பேசியும் பக்கத்துல இருந்தும் அடங்கல, இந்த மாதிரி நிலைல தான் மருந்து, அதுவும் குறைஞ்ச அளவுல, குறைஞ்ச நாளுக்கு.

படி 6: ஹாலோபெரிடால எப்படி குடுக்கறாங்க

அந்த ஆய்வுக்கு அப்புறமும், கடுமையா கொந்தளிக்கிறவங்களுக்கு பல வார்டுல முதல்ல கைல எடுக்குறது ஹாலோபெரிடால் தான். பழைய மருந்து, 1958ல பெல்ஜியத்துல கண்டுபிடிச்சது, வாய் வழியா, தோலுக்கடில, நரம்புலன்னு எப்படியும் குடுக்கலாம், ரொம்ப தூங்கவும் வைக்காது.

தொடக்கம் 0.5லேருந்து 1 மில்லிகிராம். வயசானவங்க, மெலிஞ்சு போனவங்கன்னா 0.25 இல்ல 0.5 தான். தோலுக்கடில போட்டா அரை மணிலேருந்து ஒரு மணி நேரம் காத்திருந்து பாக்கணும், வாய்ல குடுத்தா இன்னும் கூட. பலன் இல்லன்னா அதே அளவ இன்னொரு தடவை. இந்த காத்திருக்கறது தான் கஷ்டம், கத்துற மனுஷன பக்கத்துல வெச்சுட்டு கடிகாரத்த பாக்குறது. பத்து நிமிஷத்துல "வேலை செய்யல"ன்னு அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு ஏத்தினா எல்லாம் சேந்து விடிகாலைல ஒரேயடியா அமுக்கும், ஏன்னா இந்த மருந்து உடம்புல அரை நாளுக்கு மேல தங்கும். ஒரு நாளைக்கு மொத்தம் சில மில்லிகிராம்லயே பெரும்பாலானவங்க அடங்கிடுவாங்க, 5 மில்லிகிராம் பக்கம் போயும் அடங்கலன்னா அளவ ஏத்துறத விட காரணத்தயும் மருந்தயும் மறுபடி யோசிக்கிறது நல்லது.

யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க: பார்க்கின்சன்ங்கற நடுக்குவாத நோய் இருக்கறவங்க, லூயி பாடி வகை மறதி நோய் இருக்கறவங்க. அவங்க ஒரேயடியா விறைச்சுப் போயிடுவாங்க. வீட்டுக்காரங்க இத முதல் நாளே சத்தமா சொல்லிடணும், ஃபைல்ல இருக்கும்னு நம்பாதீங்க. ஈசிஜில பாக்குற, இதயத்துடிப்போட க்யூடி இடைவெளி நீண்டு இருக்கறவங்களுக்கும் ஜாக்கிரதை, பொட்டாசியம் மெக்னீசியம் குறைஞ்சிருந்தா முதல்ல அத ஏத்தணும். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைட் ஏற்கனவே ஓடிட்டிருந்தா அதையும் இதையும் சேத்துக் குடுத்தா விறைப்பு ரெட்டிப்பாகும், ரெண்டுல ஒண்ணு தான்.

பக்கவிளைவுல ஏமாத்துறது ஒண்ணு இருக்கு, அகத்தீசியா. உள்ளுக்குள்ள ஒரு பதட்டம், கால ஒரு இடத்துல வைக்க முடியாது, எழுந்து உக்காரு, படு, மறுபடி எழு. பாக்குறவங்களுக்கு டெலிரியம் கூடின மாதிரியே இருக்கும், ஹாலோபெரிடால் இன்னொரு டோஸ் போடுவாங்க, அது இன்னும் மோசமாகும். டோஸ் போட்டதுக்கு அப்புறம் அலைச்சல் கூடுதுன்னா, அதுவும் முக்கியமா கால்ல கூடுதுன்னா, டாக்டர்கிட்ட அந்த வார்த்தையவே சொல்லிக் கேளுங்க.

படி 7: அதுக்கு பதிலா வேற என்ன

ஓலான்சபின் 2.5லேருந்து 5 மில்லிகிராம் ராத்திரில, நாக்குல வெச்சா கரையற மாத்திரையும் உண்டு, வாந்தியும் நிக்கும், தூக்கமும் வரும். குவெட்டியாபின் 12.5 இல்ல 25 மில்லிகிராம், பார்க்கின்சன் இருக்கறவங்களுக்கு டாக்டர்கள் இத தான் தேடுவாங்க, ஆனா ரத்த அழுத்தம் இறங்கும், எழுந்து நின்னா கிறுகிறுக்கும். குளோர்ப்ரோமசின் 12.5லேருந்து 25 மில்லிகிராம், இது நல்லா தூங்க வைக்கும், கட்டில்லயே இருக்கறவங்களுக்கு சரி, நடமாடறவங்களுக்கு விழற அபாயம்.

ஒரு எச்சரிக்கை. ஓலான்சபின தசை ஊசியா போட்டிருந்தா கூடவே பென்சோடயசெபைன் ஊசி சேக்கக் கூடாது, மூச்சும் ரத்த அழுத்தமும் படுத்துடும்.

படி 8: தூக்க ஊசி, அதாவது லோராசெபாமும் மிடாசோலாமும்

இப்போ அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு வர்றேன். தூக்க ஊசிய மட்டும் தனியா, ஆரம்பத்துலயே, நடமாடற ஒருத்தருக்குப் போட்டா பல நேரம் குழப்பம் கூடும், இருக்குற கொஞ்சம் கவனமும் போகும், சிலருக்கு கொந்தளிப்பு நேர் எதிரா எகிறும். 1996ல எய்ட்ஸ் நோயாளிங்கள வெச்சு நடந்த ஒரு சின்ன ஆய்வுல லோராசெபாம் மட்டும் குடுத்த பிரிவ பக்கவிளைவு காரணமா நடுவுலயே நிறுத்திட்டாங்க. விதிவிலக்கு ரெண்டு: மதுவ நிறுத்தினதால வந்த டெலிரியம், வலிப்பு. அங்க பென்சோடயசெபைன் தான் முதல் மருந்து.

அப்புறம் கடைசி நாட்கள். 2017ல அமெரிக்கால ஹூஸ்டன் நகரத்துல ஒரு ஆய்வு, முத்தின புற்றுநோயோட கடுமையா கொந்தளிச்சவங்க, மருந்து போட்டது 58 பேருக்கு. எல்லாருக்கும் ஹாலோபெரிடால் 2 மில்லிகிராம் நரம்புல, பாதி பேருக்கு கூடவே லோராசெபாம் 3 மில்லிகிராம். கொந்தளிப்ப அளக்க ராஸ்னு ஒரு அளவுகோல் இருக்கு, +4ன்னா அடிதடி, 0ன்னா முழிச்சு அமைதியா இருக்காங்க, -5ன்னா எழுப்பவே முடியாது. எட்டு மணி நேரத்துல லோராசெபாம் சேந்த கூட்டத்துக்கு அது 4.1 புள்ளி இறங்குச்சு, சேராத கூட்டத்துக்கு 2.3. வீட்டுக்காரங்களும் நர்ஸுங்களும் முதல் கூட்டம் தான் நிம்மதியா இருந்ததா சொன்னாங்க. ஆனா அவங்க எல்லாம் வாழ்க்கையோட கடைசி சில நாட்கள்ல இருந்தவங்க, அந்த 3 மில்லிகிராம எழுந்து நடக்குற ஒருத்தருக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது.

நடைமுறைல லோராசெபாம்னா நாக்குக்கடில 0.5லேருந்து 1 மில்லிகிராம். மிடாசோலாம்னா தோலுக்கடில 2.5 மில்லிகிராம்ல தொடங்குவாங்க, சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் விட்டுடும், அதனால தான் அவசரத்துக்கு அத எடுக்கறது. வீட்டுல ரத்தம் திடீர்னு கொட்டற அபாயம் இருக்கறவங்களுக்கு, ராத்திரில டாக்டர் வர முடியாதவங்களுக்கு சில குழுக்கள் முன்கூட்டியே ஒரு டோஸ் நிரப்பி, எப்போ போடணும்னு எழுதி வெச்சுட்டுப் போவாங்க. அந்தத் தாள்ல மூணு விஷயம் இருக்கான்னு பாத்துக்கோங்க: எத்தனை மில்லி, எவ்வளவு நேரம் கழிச்சு தான் அடுத்தது, எத்தனைக்கு மேல போன் பண்ணணும்.

படி 9: எதுக்கும் அடங்கலன்னா

காரணத்த தேடியாச்சு, ரெண்டு மூணு மருந்து பாத்தாச்சு, அவர் இன்னும் அலறிட்டே இருக்காரு, இனி நாட்கள் தான்னு எல்லாருக்கும் தெரியும். அப்போ தான் வலி நிவாரண மயக்கம்னு ஒண்ணப் பத்திப் பேசுவாங்க. மிடாசோலாம சின்ன பம்பு வழியா 24 மணி நேரமும் சொட்டு சொட்டா ஏத்தி, தொந்தரவு அடங்குற அளவுக்கு மட்டும் மயக்கத்துல வைக்கிறது. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் மாதிரி குறைவா தொடங்கி ஏத்துவாங்க, அதுக்கும் அடங்காதவங்களுக்கு ஃபீனோபார்பிட்டால் மாதிரி வேற மருந்து.

"இது கொல்றதுக்குப் போடறதா?"ன்னு ஒவ்வொரு குடும்பமும் கேக்கும், கேக்காதவங்களும் மனசுக்குள்ள கேப்பாங்க. இல்ல. டோஸ் ஏறறது அலறல் அடங்குற வரைக்கும் தான், அதுக்கு மேல ஒரு சொட்டும் ஏத்துறதில்ல, சரியான அளவுல குடுத்தா இது ஆயுள குறைக்கிறதா ஆய்வுகள்ல தெரியல. இத ராத்திரி மூணு மணிக்கு வராண்டால நின்னு முடிவு பண்ண வெக்காதீங்க, டெலிரியம் முதல் தடவை எட்டிப் பாத்த அன்னிக்கே டாக்டர்கிட்ட உக்காந்து பேசி வெச்சுக்கறது நல்லது. முடிஞ்சா நோயாளி தெளிவா இருக்குற நேரத்துல அவரையே கேட்டு.

படி 10: நோட்டு, அப்புறம் நிறுத்தறது

ஒரு நோட்டுல நேரம், என்ன குடுத்தோம், எவ்வளவு, ஒரு மணி கழிச்சு எப்படி இருந்தாரு, இவ்வளவு போதும். "ராத்திரி 11.10, ஹாலோபெரிடால் 0.5. 12.15, எழுந்திருக்கல, போர்வைய கிள்ளிட்டு இருக்காரு, பேர் சொன்னா திரும்பறாரு." இப்படி நாலு வரி இருந்தா காலைல டாக்டர் எடுக்குற முடிவே மாறும். "ராத்திரி பூரா கஷ்டம்"னு எழுதினா ஒண்ணும் புரியாது.

தெளிஞ்சு வந்தவங்ககிட்ட பேசுங்க. 2002ல வந்த ஒரு ஆய்வுல, டெலிரியத்துலேருந்து மீண்ட 101 புற்றுநோயாளிங்கள்ல பாதிக்கு மேல அது அவங்களுக்கு ஞாபகம் இருந்தது, அந்த பயத்தோட. கணவன் மனைவிமாரோட மனக்கஷ்டம் நோயாளியோடத விட அதிகமாவே இருந்தது. என்கிட்ட ஒரு அம்மா சொன்னாங்க, "நான் உங்கள கடிச்சேன்ல, எனக்குத் தெரியும், ஆனா அப்போ நீங்க என் பிள்ளைய கொண்டு போக வந்தவங்க". நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரிச்சோம், அவங்க பாதில அழுதுட்டாங்க.

நிறுத்தறது தான் எல்லாரும் மறக்குறது. காரணம் சரியாகி ஒண்ணு ரெண்டு நாள் தெளிவா இருந்தா மருந்த குறைச்சு நிறுத்திடணும். ஒருத்தர் கால்சியம் இறங்கி தெளிஞ்சு வீட்டுக்குப் போனாரு, மூணு வாரம் கழிச்சு சக்கர நாற்காலில தள்ளிட்டு வந்தாங்க, முகம் மரத்து, வாயோரம் எச்சில் வடிஞ்சு, கை நடுங்கிட்டு. நோய் முத்திடுச்சுன்னு வீட்டுல எல்லாரும் தயாராகிட்டாங்க. டிஸ்சார்ஜ் சீட்ட வாங்கிப் பாத்தேன், ஹாலோபெரிடால் காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு, யாரும் அத அடிச்சு நீக்கல, அத எழுதி குடுத்த கை என்னோடது. நிறுத்தி பத்து நாள்ல அவரே கரண்டி புடிச்சு சாப்பிட்டாரு. அதுலேருந்து டெலிரியத்துக்கு எழுதுற எந்த மருந்துக்குப் பக்கத்துலயும் நிறுத்த வேண்டிய தேதிய டாக்டர்கிட்ட கேட்டு வாங்கி சிவப்பு மைல எழுதறேன்.